காப்பு கட்டிய கை

ஜூலை 20, ஞாயிறு

பகலெல்லாம் புழுக்கம். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, வராமல் போய்விட்டது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முட்டியைக் கீழே அழுத்தும் எக்சர்சைஸ்: காலையில் செய்தேன், மதியம் ஏமாற்றினேன், சாயங்காலம் செய்தேன். கால் இன்னும் முழுதாக நீளவில்லை. முட்டிக்கும் பாய்க்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறது.

நைனாவும் அம்மாவும் தூங்கிவிட்டார்கள். செல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை டாக்டர் சொன்னது. மறப்பதற்குள்.

முட்டிக்குள் குறுக்கே ஓடும் ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டதாம். தானாக ஒட்டாதாம். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆபரேஷன். தொடைக்குப் பின்னாடி இருந்து ஒரு தசைநாரை எடுத்து, ஜவ்வு இருந்த எடத்துல கோத்துடுவோம். அப்புறம் ஒரு வருஷம் கிட்ட பயிற்சி. இன்னொண்ணு, ஆபரேஷன் இல்லாம பயிற்சி மட்டும். தொடை நல்லா பலமாயிட்டா நடக்கலாம், படி ஏறலாம், வேலை செய்யலாம். அப்படி எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. ஆனா கபடி..." உதட்டைப் பிதுக்கினார். "நின்னு திரும்புற ஆட்டம். முட்டி ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் உள்ள இருக்கிற குஷன் நசுங்கும். அதுவும் கிழிஞ்சா தொல்லை பெருசு."

நைனா உடனே, "செஞ்சிடுங்க சார்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா சொல்றே? ஆடணுமா?"

"ஆடணும் சார்." அது உண்மை. அவர் என் தொடைக்குப் பின்னால் பேனாவால் கோடு இழுத்துக் காட்டியபோது எழுந்து ஓடிவிடத் தோன்றியது. அதுவும் உண்மை. ஆனால் முதல் உண்மையை மட்டும்தான் சொன்னேன்.

தேதி: 29 செவ்வாய் சேர வேண்டும், 30 புதன் ஆபரேஷன். இதை விட்டால் அடுத்த மாதக் கடைசிக்கு மேல்தான்.

முதலில் கட்டு வைத்தியரிடம் போனது தப்பு. மூங்கில் பத்தை வைத்து மூன்று வாரம் கட்டிவிட்டார். எலும்பு உடைந்திருந்தால் சரி. ஜவ்வுக்கு அது சரியில்லையாம். அவிழ்த்துப் பார்த்தால் முட்டி மடங்கவில்லை, தொடை சூம்பிப் போயிருந்தது. ஆனால் கட்டு வைத்தியரிடமே போகலாம் என்று அழுதவள் நான்தான். அங்கே ஊசி கிடையாது என்பதற்காக.

ஜூலை 21, திங்கள்

நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் வழியில் என்னை டெம்போவில் ஸ்கூலில் இறக்கிவிட்டார். கேட்டில் நசீமா.

"வாடி நொண்டி மகாராணி. பையக் குடு."

நசீமா எங்கள் கபடி டீமில் கார்னர், ஓரத்தில் நின்று பிடிப்பவள். எப்போதும் என் இடது கையைப் பிடித்துச் செயின் போடுபவள். இப்போது என் இடத்தில் அவளைத்தான் ரெய்டு அனுப்புகிறார்கள்.

"நான் கோட்டத் தாண்டுனதும் அப்டியே குழந்தைய தூக்கி உக்கார வெக்கிற மாதிரி உக்கார வெச்சிடறாளுங்கடி. மிஸ் தலையில அடிச்சிகிறாங்க. நீ சீக்கிரம் வந்து சேரு."

"ஒரு வருஷம் ஆவும்டி."

"ஆவட்டும். அதுவரைக்கும் உக்காந்துகினு இருக்கேன்."

பி.டி. மிஸ் மதியம் கூப்பிட்டார். இப்போது ஆபரேஷன் செய்துகொண்டால் அடுத்த வருடம் பிளஸ் டூவில் சீசன் தொடங்கும்போது நிற்கலாமாம். மாவட்ட டீமில் ஒருமுறை பெயர் வந்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ். "தள்ளிப்போட்டா ஸ்கூல் ஆட்டம் உனக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். யோசிக்காதே யமுனா."

யோசிக்காமல் எப்படி இருப்பது?

ஞாயிறு காலையில் டீம் முழுக்க ராஜகிரிக் கோட்டைப் படி ஏறினார்களாம். ஒரு குரங்கு மிஸ்ஸின் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓட, நசீமா துரத்தினாளாம். எல்லாரும் சிரித்தோம். பிறகு பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடிபட்ட அன்றைக்கு, மேட்சில் இரண்டு பேரைத் தொட்டாகிவிட்டது. நடுக்கோடு பக்கத்தில்தான். திரும்பியிருக்கலாம். மிஸ் "வா, வா, வந்துடு" என்று கத்தினது காதில் விழுந்தது. மூன்றாவதும் கிடைக்கும் என்று தோன்றியது. கார்னர் பெண் என் கணுக்காலைப் பிடித்தாள். உடம்பு திரும்பியது, பாதம் மண்ணிலேயே நின்றது. பச்சை மல்லாட்டைக் கடலையின் ஓட்டை விரலால் நசுக்கித் திறந்தால் வருமே ஒரு சத்தம், அது என் முட்டிக்குள் கேட்டது.

அந்தப் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஜூலை 23, புதன்

மழை. கரண்ட் இல்லை. மூன்று பேரும் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தோம். சண்டை என்று சொல்ல முடியாது. ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நைனா: "வண்டியில ஒரு போல்ட்டு போயிட்ச்சின்னா மாத்தித்தான் ஆவணும். போல்ட்டு இல்லாமலே ஓட்டுவேன்னா இன்னா நியாயம்?"

அம்மா: "அவ வண்டியா? புள்ள."

"புள்ளைக்குத்தான் சொல்றேன்."

"எக்சர்சைஸ் பண்ணாலே நடக்கலாம்னு அந்த டாக்டரே சொன்னாரா இல்லியா? நடந்தா போதாதா? கபடி ஆடித்தான் சோறு துன்னணுமா? முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்களாம். பக்கத்து வூட்டு செல்வி நாத்தனாருக்கு அந்த ஊசி போட்டதுலேர்ந்து குனிய முடியல."

"செல்வி நாத்தனாரு எண்பது கிலோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும். பிறகு அம்மா என் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள், அவள் ஏற்கெனவே வேண்டிக்கொண்டுவிட்டாளாம். திரௌபதி அம்மன் தீமிதியில் இந்த வருடம் என் காலுக்காக அவள் இறங்குகிறாள். "ஆபரேஷனோ இன்னாவோ, நீங்க பாத்துக்கோங்க. நான் என் வேலைய பாக்கறேன்."

அம்மன் விஷயத்தில் நைனா வாய் திறக்கமாட்டார்.

பயப்படுவது:
முதுகு ஊசி.
பாதி உடம்பு மரத்துப்போய் முழித்துக்கொண்டு கிடப்பது. அவர்கள் பேசுவது கேட்குமாம்.
நல்ல தொடையிலிருந்து ஒன்றை எடுப்பது.
எல்லாம் செய்த பிறகும் ஆட முடியாமல் போவது.

கடைசியில் இருப்பதுதான் பெரிது என்று நினைத்து எழுதினேன். படித்துப் பார்த்தால் முதலாவதுதான் பெரிது. வெட்கமாக இருக்கிறது.

நைனா இன்று ஃபிளாஸ்க் ஒன்று வாங்கி வந்தார். நீல நிறம். ஆஸ்பத்திரிக்கு. கூடவே ஒரு பிளாஸ்டிக் மக்கு. அலமாரியில் வைத்திருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிறது.

ஜூலை 25, வெள்ளி

எழுத்து சரியாக வரவில்லை.

சாயங்காலம் கோவிலில் காப்பு கட்டினார்கள். தீ மிதிப்பவர்கள் மட்டும்தான் கட்டாயம் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் விருப்பப்பட்டால் கட்டிக்கொள்ளலாம். கட்டிக்கொண்டால் ஆகஸ்ட் 3 தீமிதி முடியும்வரை கறி, மீன் கிடையாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. ஊரைவிட்டு வெளியே போனாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேறு இடத்தில் தங்கக் கூடாது. இது எனக்கு நடை பழகிய வயசிலிருந்து தெரியும்.

அம்மாவுக்கு நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசாரி மஞ்சள் துண்டு வைத்த நூலை அவள் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டார். அடுத்த ஆள் யார் என்று நிமிர்ந்தார். என் கை முன்னால் போனது.

போனது என்று எழுதுகிறேன். நான்தான் நீட்டினேன். 29, 30 என்ற இரண்டு எண்களும் அப்போது மனதில் தெளிவாக இருந்தன.

அம்மா, "உனுக்கு எதுக்குடி? ஆஸ்பத்திரி..." என்று ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தூரமாவற நாளு வந்துடுமா?"

"இப்பதான் முடிஞ்சிது."

பூசாரி நூலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் ஆசை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிவிட்டார்.

செல்வி அக்கா, "பாரு, நொண்டிகினு வந்து நிக்குது. இந்த வயசுல இன்னா பக்தி" என்றாள். நாலு பேர் என் தலையைத் தொட்டார்கள்.

வீட்டில் நைனா கை கழுவிக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"இன்னாது இது?"

"அவளே கட்டிகினா" என்றாள் அம்மா.

"செவ்வாக்கெழம ஆஸ்பத்திரியில ராத்தங்கணுமே."

"தங்கக் கூடாது."

"அவுத்துட்டு..."

"கட்டின காப்ப நடுவுல அவுக்கறதா? வாயக் கழுவுங்க."

நைனா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. "உனுக்குத் தெரியாதா யமுனா?"

"மறந்துட்டேன் நைனா."

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார்.

ஜூலை 26, சனி

நைனா தெருவில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் பேசினார். சிக்னல் இல்லாமல் கத்த வேண்டியிருந்தது. "காப்பு சார், காப்பு. கையில கட்டறது. ஆமா சார். சாமி விஷயம் சார். எங்களால ஒண்ணும் பண்ண முடியாது சார்." தெரு முழுக்கக் கேட்டது. எனக்காக அவர் கெஞ்சியது எல்லாம் கேட்டது.

ஆகஸ்ட் கடைசிக்கு மேல் பார்க்கலாம் என்றார்களாம். அதுவரை எக்சர்சைஸை விடக் கூடாது, ஓடக் கூடாது, சட்டென்று திரும்பக் கூடாது.

நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பல நாளுக்குப் பிறகு. அதுதான் இன்றைக்கு மிகவும் உறுத்துகிறது.

ஜூலை 29, செவ்வாய்

இன்று சேர்ந்திருக்க வேண்டிய நாள். ஸ்கூலுக்குப் போனேன். கெமிஸ்ட்ரி டெஸ்ட். சுமார்.

பி.டி. மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லது" என்றார். போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

நசீமா விடவில்லை.

"நோம்புன்னா நாங்களும் வெக்கிறோம். உடம்பு சரியில்லன்னா அப்பறம் வெச்சிக்கலாம்னு எங்கள்ல இருக்குது. உங்க அம்மன் அவ்ளோ கறாரா?"

"கட்டிகினா கட்டிகினதுதான்."

"யாரு கட்டிக்கச் சொன்னா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவள் தன் டிபன் பாக்ஸிலிருந்த முட்டையை மூடிவைத்துவிட்டு எனக்குத் தயிர்சாதத்தில் பாதி கொடுத்தாள். அவளும் முட்டையைத் தின்னவில்லை.

ஃபிளாஸ்க்கை அம்மா அலமாரியிலிருந்து எடுத்து மேலே பரணில் வைத்துவிட்டாள்.

ஜூலை 31, வியாழன்

செஞ்சியில் பிசியோ அக்காவிடம். டேப் வைத்துத் தொடையை அளந்தார். கூடியிருக்கிறது! கால் நேராக நீள்கிறது. விரல் நுழையவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றேன். முட்டி ஆடியது, வழுக்கவில்லை.

"நல்லா பண்றே. இப்படியே போனா டாக்டரே ஆபரேஷன் வேணாம்னாலும் சொல்லலாம். ஆனா ஒண்ணு, பயிற்சி மட்டும் போதும்னு நீ முடிவு பண்ணா, கபடிய விட்டுடணும். ரெண்டும் சேர்த்து கேக்கக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கபடியை விட்டுவிட்டால் என்ன? நடப்பேன். சைக்கிள் ஓட்டுவேன். டிகிரி படிப்பேன். அம்மா சொல்வது சரிதானோ. காப்பு கட்டிக்கொண்டது நல்லதுக்குத்தானோ.

கிரவுண்டைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் கபடி கபடி கபடி என்று பாடுவது கேட்டது. யார் மூச்சு விடப்போகிறாள் என்று கேட்டே சொல்லிவிடுவேன்.

விடமுடியாது. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளும் தைரியமும் இல்லை. ரெண்டும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

நாளை காலை துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. கோவில் பக்கம் விறகு அடுக்கிவிட்டார்கள். ஸ்பீக்கரில் பாரதம் படிப்பது வீட்டுக்குள் உட்கார்ந்தே கேட்கிறது.

அம்மா இத்தனை நாளும் ஒரு வேளைதான் சாப்பிடுகிறாள். கன்னம் ஒட்டிவிட்டது. கோவில் குழாயடியில் நின்று தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு வருகிறாள். இன்றைக்கு வந்ததும் என் முட்டியில் குங்குமம் வைத்தாள்.

"பயமா இருக்குதாம்மா?"

"எனுக்கு இன்னாடி பயம். நான் இறங்கறது உனுக்காக. அவ பாத்துப்பா."

அப்போது சொல்லியிருக்கலாம். நைனா வந்துவிட்டார். அவர் வராவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எனக்கு நாற்காலி போட்டு நைனா கயிற்றுக்கு வெளியே உட்காரவைத்தார். பக்கத்தில் நசீமா. திருவிழாக் கடை பார்க்க வந்தவள், கூட்டத்தைப் பார்த்து என்னோடு நின்றுவிட்டாள். செயின் பிடிப்பதுபோல என் இடது கை விரல்களை மாட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கரியைப் பரப்பிச் சமப்படுத்தினார்கள். சூடு நாங்கள் இருந்த இடம்வரை அடித்தது. முதலில் கரகம் எடுத்த பூசாரி. பிறகு ஆண்கள். கோவிந்தா, கோவிந்தா என்று எல்லாரும் கத்தினார்கள். பிறகு பெண்கள். அம்மா மஞ்சள் புடவையில், கையில் வேப்பிலை. இவ்வளவு சின்ன ஆளா என் அம்மா என்று இருந்தது.

பாதிவரை நன்றாகத்தான் வந்தாள். அதற்கு மேல் ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. விழவில்லை, கோணிக்கொண்டு வந்தாள். கடைசியில் பால் ஊற்றிய குழியில் கால் வைக்கும்போது முன்பக்கமாகச் சாய்ந்தாள்.

நான் எழுந்து ஓடிவிட்டேன். ஓடக் கூடாது என்று யாரோ சொன்ன நினைவே இல்லை. கயிற்றுக்குக் குனிந்து திரும்பினேன். பாதம் நின்றது, முட்டி போய்விட்டது.

இந்த முறை சத்தம் வேறு. மாட்டிக்கொண்டதுபோல. கால் மடங்கியது மடங்கினபடியே இருக்கிறது. நீட்டவும் முடியவில்லை, முழுதாக மடக்கவும் முடியவில்லை.

நசீமா அழுதாள். "செயின் புடிச்சிகினுதானேடி இருந்தேன். உருவிகினு போயிட்டியே."

நைனாவுக்கு யாரைத் தூக்குவது என்று தெரியவில்லை. அம்மாவையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

காப்பு நேற்றே அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாயிற்று. இன்று விழுப்புரம். மறுபடி ஸ்கேன்.

குஷனும் கிழிந்துவிட்டது. கிழிந்த துண்டு மடிந்து மூட்டுக்குள் சிக்கியிருப்பதால்தான் கால் நீளவில்லையாம். இனி இரண்டு வழி இல்லை. ஆபரேஷன்தான், அதுவும் தள்ளிப்போடக் கூடாது. 13ஆம் தேதிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஜவ்வையும் குஷனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். தைக்க முடிந்தால் தைப்பாராம், முடியாவிட்டால் அந்தத் துண்டை எடுத்துவிடுவாராம்.

"அப்பறம் ஆடலாமா சார்?" நைனாதான் கேட்டார். நான் கேட்கவில்லை.

"மொதல்ல நடக்கட்டும். ஆட்டத்தைப் பத்தி இப்ப நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." டாக்டர் திட்டவில்லை. ஃபைலைப் புரட்டினார். "போன வாரம் வந்திருந்தா ஒரு வேலையோட முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

நைனா, "சாமி காரியமா போயிட்ச்சி சார்" என்றார்.

சாமி காரியம் இல்லை நைனா.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவின் வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்துவிட்டது. குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கிறாள். இறங்கிய பெண்களில் அவளுக்கு மட்டும்தான் சுட்டதாம். ஊரில் அதுதான் பேச்சு.

செல்வி அக்கா பார்க்க வந்தாள். வாழைப்பழம் கொண்டுவந்தாள்.

"எதுனா கொற வெச்சியாடி? தீட்டு கீட்டு பட்டுச்சா? நல்லா யோசி."

அம்மா நிஜமாகவே யோசித்தாள். "கமிட்டிகிட்ட ஒரு நாளு டீ குடிச்சேன் செல்வி. அந்தக் கடையில முட்ட போண்டா போடறான். அதே எண்ணெ கையா இருக்குமோ?"

"இருக்கும்."

"அந்த வெள்ளிக்கெழம தண்ணி ஊத்திகினு வரப்ப, எதுக்க சாவு வீட்டுக்குப் போற ஜனம் வந்துச்சி. ஒதுங்கித்தான் நின்னேன்."

"அதான். அதேதான்."

செல்வி அக்கா போன பிறகு அம்மா சொன்னாள்: "என் கொறதான் உன் கால்ல வந்து விழுந்துட்ச்சி. அடுத்த வருஷம் சுத்தமா இருந்து திரும்ப இறங்கறேன்."

உள் அறையில் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எக்சர்சைஸ் செய்யும் அதே துண்டு.

அடுத்த வருடமும் இறங்குவாள். சொன்னால் செய்வாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விழுப்புரம். வார்டு. ஜன்னல் பக்கக் கட்டில். தலைக்கு மேல் விளக்கு ஒன்று அணைக்காமல் இருக்கிறது, அதனால் செல் தேவையில்லை.

வந்து இறங்கியதும் ஒரு கூத்து. நானும் நொண்டி, அம்மாவும் நொண்டி. நர்ஸ் அம்மாவின் பாதக் கட்டைப் பார்த்துவிட்டு அவளைத் தள்ளுவண்டியில் உட்காரச் சொன்னார். நைனா, "அது இல்ல சிஸ்டர், இது" என்று என்னைக் காட்டினார். "அப்ப அவங்க?" "அவங்க... தொணைக்கு." நர்ஸ் சிரித்துவிட்டார். நாங்களும்தான்.

நசீமாவின் மெசேஜ்: "ஆபரேஷன் கத்தியா, எக்சர்சைஸ் துண்டான்னு கேட்டா ரெண்டும்னு சொல்லிட்டியேடி." கீழே ஒரு அழுகிற முகம். அதன் கீழே, "உன் எடம் இருக்கு. நான் உக்காந்துகினுதான் இருக்கேன்."

"கையை நீட்டு பாப்பா" என்றார் நர்ஸ். பெயர் எழுதிய பட்டையை மணிக்கட்டில் மாட்டினார். காப்பு இருந்த அதே கை. தோல் மடிப்பில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைனா டீ வாங்கக் கீழே போனார், அந்த நீல ஃபிளாஸ்க்கோடு. அப்போது சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, நான் சாமிக்காகக் காப்பு கட்டிக்கல. ஆபரேஷனுக்குப் பயந்துதான் கட்டிகினேன். ராத்தங்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நைனாகிட்ட பொய் சொன்னேன். உன் கால் சுட்டது டீக்கடையால இல்ல. என்னாலதான். நீ அடுத்த வருஷம் இறங்காத."

அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் இருமி முடித்ததும் கேட்டாள்.

"பூசாரி என் மூஞ்சப் பாத்தாரே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கட்டியிருக்கமாட்டாரு." காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "நீ கைய நீட்டினப்ப எனுக்கு உள்ள அப்பாடான்னு இருந்துச்சிடி. என் புள்ள மேல கத்தி படாதுன்னு. அவ பேர வெச்சி நானும்தான் தப்பிச்சிகினேன்."

அப்படியானால் டீக்கடை, சாவு வீட்டு ஜனம் எல்லாம்? கேட்கவில்லை. அவளுக்கும் இத்தனை நாள் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"நைனாகிட்ட சொல்லணுமாம்மா?"

"நாளைக்கி முடியட்டும். நானே சொல்றேன்."

நைனா டீயோடு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னா, ரெண்டு பேரும் சண்டையா?" என்றார். அம்மா, "ஒண்ணுமில்ல, அந்த டீயக் கீழ வைய்யுங்க" என்றாள்.

நாளைக்கு முதல் ஆள் நான்தான். குஷனைத் தைக்க முடியுமா என்பது உள்ளே பார்த்தால்தான் தெரியுமாம். ஊசி, உட்காரவைத்து முதுகில். குனிந்து அசையாமல் இருக்க வேண்டும். பயம் அப்படியேதான் இருக்கிறது. துளியும் குறையவில்லை.

எட்டு மணிக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு கிடையாது. இனி தண்ணீரும் கூடாது. அம்மா இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. டீயும் ஆறிவிட்டது.

"உனக்கா ஆபரேஷன்? நீ சாப்பிடும்மா."

கேட்கவில்லை. பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, சுட்ட காலை என் கட்டிலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.